மானியமும் அதன் இன்மையும்

ஒரு சொல்லின் பொருளை அறிதல் எளிது. அதன் எதிர்மறையின் பொருளை அறிதல் அத்துணை எளிதன்று. 'பொருளுடையவன்' என்றால் ஒருவனே நம் கண்முன் தோன்றுவான். 'பொருளில்லாதவன்' என்றாலோ மூவர் தோன்றுவர். பிறந்த நாள் தொட்டு வறுமையில் வாழ்பவன் ஒருவன். இருந்ததைப் பிறர் கவர்ந்துகொள்ள இழந்து நிற்பவன் மற்றொருவன். இருந்ததைத் தானே துறந்து சென்ற துறவி மூன்றாமவன். மூவர் கையும் வெறுங்கையே. ஆயினும் முதல்வனுக்கு ஈதல் நம் கடன். இரண்டாமவனுக்கு நீதி வழங்குதல் கடன். மூன்றாமவனை வணங்குதல் கடன். ஒரே சொல் இம்மூவரையும் ஒரே பாயில் இருத்துமாயின் நம் கடன் இன்னதென்பது நமக்கே விளங்காது போகும்.

இவ்வாறு பலவற்றை ஒரே பாயில் இருத்தும் சொற்களுள் ஒன்று 'மானியமற்ற' என்பது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இலங்கையில் நாளிதழ் வாசிப்போர் இச்சொல்லையோ, இதன் இனமாகிய 'மானியமில்லாத', 'மானியம் நீக்கிய' என்பவற்றையோ காணாதிருத்தல் அரிது. எரிபொருள், உரம், மின்சாரம் ஆகியவற்றின் விலையைக் கூறுமிடத்தெல்லாம் இவை ஒன்றற்கொன்று ஈடாக வழங்கப்படுகின்றன. அங்ஙனம் வழங்குதல் தகுமா? தகாதெனின் எச்சொல்லை எவ்விடத்து ஆளுதல் முறை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எதிர்மறையை ஆராயுமுன் உடன்பாட்டை ஆராய்தல் வேண்டும். 'மானியம்' வடமொழியினின்று வந்த சொல். மதித்தற்குரியது என்பது அதன் முதற்பொருள். 'மானம்' என நாம் வழங்கும் சொல்லும் அதற்கு உறவுடையதே. தமிழ்நாட்டுச் சாசனங்களிலும் ஊர் வழக்கிலும் அச்சொல் முதற்கண் குறித்தது பணத்தையன்று, நிலத்தையே. கோயிலுக்கோ, புலவருக்கோ, ஊர்ப்பணி புரிவோருக்கோ வரி நீக்கி விடப்பட்ட நிலம் மானியம் எனப்பட்டது. எல்லா வரியும் நீங்கிய நிலம் சர்வமானியம் எனப்பட்டது. இதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல் 'இறையிலி' என்பதாம். இறை என்பது வரி. அஃது இல்லாதது இறையிலி. 'அறிவிலி', 'ஏதிலி' என்பன போல இதுவும் எதிர்மறைச் சொல்லே. ஆயினும் அவை இரண்டும் குறையைச் சுட்ட, இறையிலி சிறப்பைச் சுட்டியது. ஆகவே, இன்மை எல்லாம் இழிவன்று என்பதை நம் முன்னோர் சொல்லாட்சியிலேயே காட்டிச் சென்றனர் எனலாம்.

திருக்கோணமலை மாவட்டத்தார்க்கு இக்கருத்துப் புதிதன்று. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்கு வயல்நிலங்களை விட்டு, கோயிற்பணிக்குரிய குடிகளை நியமித்து, இன்னார்க்கு இன்ன தொழும்பு என வகுத்தான் என்பது கவிராசவரோதயரின் 'கோணேசர் கல்வெட்டு' கூறும் மரபு. தம்பலகாமத்து வயல்களையும் கந்தளாய்க் குளத்தையும் அம்மரபோடு சேர்த்தே இன்றும் மக்கள் பேசுவர். பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரையிற் கண்டெடுக்கப்பட்ட சோழர்காலத் தமிழ்ச் சாசனங்கள், இராசராசப் பெரும்பள்ளி என வழங்கிய அப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரித்தற்பொருட்டு அளிக்கப்பட்ட கொடைகளைக் கூறுகின்றன. சைவக் கோயிலாயினும் பௌத்தப் பள்ளியாயினும் கொடையின் இலக்கணம் ஒன்றே. கொடுப்பவர் இன்னார், பெறுவது இன்ன இடம், கொடையினால் நடைபெற வேண்டிய பணி இன்னது என்பன ஐயமின்றிப் பதிவு செய்யப்பட்டன. மானியம் என்பது இரந்து பெற்ற பொருளன்று. பணிக்கும் தகுதிக்கும் உரிய மதிப்பு என்பது இதனாற் போதரும்.

இக்காலத்தில் இச்சொல்லுக்கு நேராக நாம் கொள்ளும் 'சப்சிடி' என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு முற்றிலும் வேறு. இலத்தீன் மொழியில் அதன் மூலச்சொல் போர்க்களத்திற் பின்வரிசையில் இருத்தப்பட்ட துணைப்படையைக் குறித்தது. முன்வரிசை தளருமிடத்து முன்வந்து தாங்குவது அப்படை. அதனால் தளர்ந்தோர்க்கு அளிக்கும் துணை என்னும் கருத்து அச்சொல்லின் வேரிலேயே உண்டு. மதிப்பு என்னும் கருத்து அதில் இல்லை. மதிப்பைக் குறித்த நம் சொல்லைத் துணையைக் குறித்த பிறர் சொல்லுக்கு ஈடாக்கினோம். 'உதவுதொகை' என்ற சொல்லும் பொருளியல் நூல்களில் வழங்குகின்றது. கருத்துக்கு அதுவே அணித்து. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது மானியமே. போதாக்குறைக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்னும் பெயரில் அதே சொல் நிறுவனங்கட்கு அளிக்கும் நிதிக்கொடையையும் குறிக்கின்றது. நிலம், நிதிக்கொடை, விலைக்குறைப்பு என்னும் மூன்றையும் ஒரு சொல் தாங்கும்போது அதன் எதிர்மறை மயங்குவதில் வியப்பில்லை.

இனி எதிர்மறை வடிவங்களை நோக்குவாம். வழக்கிலுள்ளவை ஐந்து: மானியமில்லாத, மானியமல்லாத, மானியமற்ற, மானியம் பெறாத, மானியம் நீக்கிய என்பன. இவற்றுள் 'இல்லாத' என்பது ஒரு பொருளின் இருப்பை மறுக்கும். 'அல்லாத' என்பது இருப்பை மறுப்பதன்று. ஒன்று மற்றொன்றாதலை மறுப்பது. 'அவனிடம் பசு இல்லை' என்பதற்கும் 'அது பசு அன்று' என்பதற்கும் உள்ள வேற்றுமையைச் சிறுவரும் அறிவர். எனவே தமிழ்நாட்டு இதழ்களிற் காணப்படும் 'மானியம் அல்லாத சிலிண்டர்' என்னும் தொடர் மரபு வழுவுடையது. சிலிண்டர் மானியம் அன்று என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

'அற்ற' என்பது நுணுகி நோக்கத்தக்கது. இஃது 'அறு' என்னும் வினையடியிற் பிறந்தது. புகு என்பது புக்க எனவும், விடு என்பது விட்ட எனவும், பெறு என்பது பெற்ற எனவும் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுதல் போல, அறு என்பது அற்ற என நின்று இறந்தகாலம் காட்டும். எனவே சொல்லமைப்பை நோக்கின், 'மானியமற்ற' என்பது முன்பு இருந்து பின்பு அற்றுப்போன மானியத்தையே குறித்தல் வேண்டும். ஆயின் வழக்கு அவ்வாறு நில்லாது. 'எல்லையற்ற வானம்' என்கின்றோம். வானத்துக்கு முன்பு எல்லை இருந்து பின்பு அற்றுப்போயிற்றென்று எவரும் கொள்ளார். இங்ஙனம் காலக்குறிப்பு மழுங்கி, வெறும் இன்மையைக் குறிக்கும் நிலையை அச்சொல் அடைந்துள்ளது. இதுவே அதன் குறை. 'அற்ற' என்பதன் உள்ளே 'அறுத்தான் ஒருவன் உளன்' என்னும் செய்தி ஒளிந்து கிடக்கின்றது. வழக்கோ அவனைக் காண விடுவதில்லை.

'பெறாத' என்பதில் பெறுதற்குரியவர் தோன்றுகின்றார். 'நீக்கிய' என்பதில் நீக்கியவர் தோன்றுகின்றார். இவ்விரண்டும் வினையை வினையாகவே காட்டுவன. ஏனையவை வினையை மறைத்து நிலையை மட்டும் காட்டுவன. இவ்வேற்றுமை இலக்கண வேற்றுமை மாத்திரமன்று என்பதை நம் நாட்டு வரலாறு நன்கு விளக்கும்.

கல்வித்துறையை முதற்கண் எடுத்துக்கொள்வாம். ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, வடபுலத்தில் அரசினர் அளித்த பொருளுதவி கிறித்தவ மிஷன் பாடசாலைகளையே சார்ந்து நின்றது. சைவப் பாடசாலை சைவ மக்களின் கொடையாலேயே நடைபெற வேண்டியிருந்தது. 1869இல் அரசினர் கல்வித் திணைக்களம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து உதவி நன்கொடை முறை விரிவடைந்தது. காலப்போக்கில் இந்துப் பாடசாலைகளும் அதனைப் பெற்றன. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. திருக்கோணமலை இந்துக் கல்லூரி உள்ளிட்ட இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகள் அவ்வழியே அரசினர் பாடசாலைகளாயின. மேல்வகுப்புகளையுடைய பாடசாலைகள் சிலவற்றின் உரிமையாளர் மட்டும் அரசினர் நன்கொடையை விடுத்துத் தாமே நடத்துதலைத் தெரிந்துகொண்டனர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியும் அத்தகையன. அவ்வாறு விலகி நின்றவை மாணவரிடம் கட்டணமும் பெறலாகாது என்பது சட்டம். அரசின் பணமுமின்றி, கட்டணமுமின்றி, பழைய மாணவரும் பெற்றோரும் நலம் விரும்பிகளும் அளித்த பொருளைக் கொண்டே அவை நடைபெற வேண்டியிருந்தது.

1848இன் வண்ணார்பண்ணைப் பாடசாலையும் 1960க்குப் பின் தனித்து நின்ற பாடசாலைகளும் 'மானியமற்றவை' என்றே ஒரு வரலாற்று மாணவன் எழுதக்கூடும். கணக்கேட்டில் அது பிழையாகாது. இரண்டிலும் அரசினர் வரவு பூச்சியமே. ஆயின் முன்னதற்கு உதவி எட்டவில்லை. பின்னவை உதவியை வேண்டாவென விடுத்தன. முன்னது மானியம் மறுக்கப்பட்ட பாடசாலை. பின்னவை மானியம் பெறாத பாடசாலைகள். ஒன்றில் அரசின் பாரபட்சமும், மற்றொன்றில் உரிமையாளரின் துணிவும் ஆராயப்படவேண்டியவை. 'அற்ற' என எழுதினால் இரண்டுமே ஆராய்ச்சிக்கு அகப்படா. தமிழ்நாட்டில் அரசுதவி பெறாத கல்லூரிகளைச் 'சுயநிதிக் கல்லூரிகள்' என வழங்குவர். எதிர்மறையை நீக்கி உடன்பாட்டாற் பெயரிட்டது நயமானதே. ஆயினும் அந்நிதி பெரும்பாலும் மாணவர் செலுத்தும் கட்டணமேயாதலின், 'சுயம்' என்பது யாருடைய சுயம் என்னும் வினா அங்கும் எஞ்சி நிற்கின்றது.

அடுத்து, மக்களின் வயிற்றோடு தொடர்புடைய வழக்கை நோக்குவாம். 1953ஆம் ஆண்டில் டட்லி சேனாநாயக்கா அரசாங்கம் பங்கீட்டு அரிசிக்கு அளித்துவந்த மானியத்தைக் குறைத்தது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் நண்பகல் உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகத்து 12ஆம் நாள் நாடெங்கும் நடைபெற்ற அர்த்தாலும், அதன்பின் ஒக்டோபரிற் பிரதமர் பதவி துறந்ததும் யாவரும் அறிந்தவை. அன்று மக்கள் கிளர்ந்தெழுந்தது 'மானியமற்ற அரிசி' என்னும் ஒரு பொருளைக் கண்டன்று. மானியத்தை நீக்கிய செயலைக் கண்டேயாம். செயலுக்குச் செய்தவர் உண்டு, நாள் உண்டு, காரணம் உண்டு. ஆதலின் அதனை வினவவும் மறுக்கவும் இயலும். நிலையை யார் வினவுவது? கடல் ஏன் உவர்க்கின்றது என்று அரசாங்கத்தை எவரும் கேளார்.

அதே வேற்றுமையை நம் துறைமுகத்தருகே அண்மையிலும் கண்டோம். 2022 ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அடக்கவிலைக்குக் குறைவாக நெடுங்காலம் விற்றமையால் நேர்ந்த நட்டத்தை அரசினர் காரணமாகக் காட்டினர். அக்காரணம் பொய்யன்று. ஆயினும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகிலே கடலுக்குச் செல்லும் தொழிலாளிக்கு மண்ணெண்ணெயே உயிர்நாடி. ஒரு நாட் பயணத்தின் எரிபொருட் செலவு ஏறத்தாழ நான்கு மடங்காகும்போது, வலையில் விழும் மீனும் நான்கு மடங்காவதில்லை. பாரிய எண்ணெய்த் தாங்கிகள் நிறைந்த சீனக்குடாவை அண்டி வாழ்வோர்க்கே இந்நிலை. இதனை 'மானியமற்ற மண்ணெண்ணெய்' என்று எழுதினால் எண்ணெயின் தன்மை கூறியதாகும். 'மானியம் நீக்கிய மண்ணெண்ணெய்' என்று எழுதினால் ஒரு தீர்மானத்தைக் கூறியதாகும். அத்தீர்மானம் தக்கதா, படிப்படியாகச் செய்திருக்கலாமா, படகுத் தொழிலாளர்க்கு வேறு துணை அமைத்த பின்பு செய்திருக்கலாமா என்னும் வினாக்கள் பின்னைய தொடரிலிருந்தே எழும்.

உரத்தின் கதை இதனினும் சிக்கலானது. 1962 முதல் பல வடிவில் வழங்கிய உர மானியம், 2005க்குப் பின் 50 கிலோ மூடையொன்றை 350 ரூபாவுக்கு நெற்செய்கையாளர்க்கு அளிக்கும் அளவுக்கு விரிந்தது. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியே தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது உலகச் சந்தை விலையோ பன்மடங்கு ஏறியிருந்தது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயல் செய்வோர் அன்று எதிர்நோக்கியது மானியமில்லாத உரத்தையா, உரமே இல்லாத மானியத்தையா என்று வினவின் விடை கூறுதல் அரிது. பொருளே கிடையாதபோது மானியம் உளதெனினும் இலதெனினும் ஒன்றே. சொல்லின் எல்லை இங்கே புலனாகின்றது.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையும் ஒப்புநோக்குதல் பயன் தரும். இந்தியாவில் 2012 செப்டெம்பரில், ஒரு குடும்பத்துக்கு ஓராண்டில் ஆறு சமையல் எரிவாயுச் சிலிண்டர்களே மானிய விலைக்குரியவை என வரையறுத்தனர். அவ்வெண் பின்னர் ஒன்பதாகவும் பன்னிரண்டாகவும் உயர்ந்தது. எஞ்சியவை 'மானியமில்லா சிலிண்டர்' எனப்பட்டன. 2015 சனவரி முதல் நாடெங்கும் எல்லாச் சிலிண்டர்களும் சந்தை விலைக்கே விற்கப்பட்டு, மானியம் வங்கிக் கணக்கிற் சேர்க்கப்பட்டது. அப்பொழுது சிலிண்டர் எல்லாம் மானியமில்லாதவை. மானியம் பெற்றவரோ மனிதர். அவ்வாண்டிலேயே வசதி படைத்தோர் மானியத்தை விட்டுக்கொடுக்குமாறு வேண்டப்பட்டனர். இணங்கியோர் மானியம் பெறாதவராயினர். 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் பெரும்பாலோர்க்கு மானியத் தொகையே வாராதொழிந்தது. விட்டுக்கொடுத்தவரும் விடாதவரும் ஒரே விலை கொடுத்தனர். அடைமொழி மட்டும் சிலகாலம் செய்திகளிற் பொருளிழந்து தொங்கிற்று. மானியமுள்ள சிலிண்டர் ஒன்று உள்ளவரையிலேயே மானியமில்லாச் சிலிண்டர் என்பதற்குப் பொருள் உண்டு. இணை இறந்தபின் அடைமொழியும் இறத்தல் வேண்டும்; இறவாது நிற்பின், எங்கோ எவருக்கோ மானியம் உண்டு என்னும் மயக்கத்தையே அது விளைக்கும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். 'மானியமற்ற விலையே பொருளின் உண்மை விலை. மானியம் அதன்மேற் போர்த்த போர்வை. போர்வையை நீக்கினால் உள்ளது தோன்றும். இதற்கு ஏன் இத்துணைச் சொல்லாராய்ச்சி?' என்பர் சிலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. விலைக்குறைப்பின் சுமையை எவரோ ஒருவர் தாங்கியே ஆக வேண்டும். அரசின் திறைசேரி வற்றினால் அச்சுமை பணவீக்கமாகத் திரும்பி ஏழையின் தோளிலேயே விழும் என்பதை 2022 நமக்குக் கற்பித்தது. ஆயினும் 'உண்மை விலை' என்பதை எளிதில் ஒப்புதல் இயலாது. பெற்றோலின் விலையிலே சுங்கவரியும் உற்பத்தி வரியும் அடங்கியுள்ளன; 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரியும் சேர்ந்துள்ளது. கீழே இறக்கும் மானியம் போர்வையாயின் மேலே ஏற்றும் வரியும் போர்வையே. ஒன்றை மட்டும் போர்வை என்பது நடுவுநிலையன்று.

இதனினும் முக்கியமானது வேறொன்று. மானியம் என்னும் சொல்லின் பழம்பொருள் வரிவிலக்கு என்பதை மேலே கண்டோம். இன்று முதலீட்டை ஈர்க்கும்பொருட்டுத் தொழில் நிறுவனங்களுக்குப் பல ஆண்டு வரிவிடுமுறை அளித்தல் உலகெங்கும் உள்ள வழக்கம். இலங்கையிலும் 1978 முதல் அவ்வழக்கம் நிலவி வருகின்றது. அத்தகைய நிறுவனத்தின் உற்பத்தியை எவரும் மானியம் பெற்றது என்பதில்லை. ஏனெனில் திறைசேரியிலிருந்து ஒரு சதமும் அதற்குச் செல்லவில்லை. ஆயினும் சோழர்காலச் சாசனம் எழுதுவோன் ஒருவன் இன்று வருவானாயின், 'இது சர்வமானியம்' என்றே எழுதுவான். படகுக்காரனின் மண்ணெண்ணெய்க்கு அளித்த துணையை மானியம் என்றும், பெருநிறுவனத்தின் வரி நீக்கத்தைச் சலுகை என்றும் ஊக்குவிப்பு என்றும் கூறுகின்றோம். முன்னதைப் பெறுவோன் நாட்டுக்குச் சுமை எனவும், பின்னதைப் பெறுவோன் நாட்டுக்குத் துணை எனவும் எண்ணும் மனப்பாங்கு அச்சொற்களோடு வளர்கின்றது. வரிவிலக்கு வேண்டாவென்பது நம் கருத்தன்று. இரண்டும் பொதுப்பணத்தையே தொடுகின்றன. ஆதலின் இரண்டும் ஒரே பெயரால், ஒரே ஏட்டிற் கணக்கிடப்படுதல் வேண்டும் என்பதே கருத்து. அவ்வாறு கணக்கிடுமிடத்து 'மானியமற்ற' என்னும் அடைக்கு உரியவை உலகில் மிகச் சிலவே என்பது வெளிப்படும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். ஒரு பொருளுக்கு என்றுமே மானியம் இருந்ததில்லையெனின் 'மானியமில்லாத' என்க. இருந்ததை அரசு எடுத்துவிட்டதெனின் 'மானியம் நீக்கிய' என்க. கூடுமாயின் நீக்கிய ஆண்டையும் உடன் கூறுக. வேண்டியும் கிடையாததெனின் 'மானியம் மறுக்கப்பட்ட' என்க. தானே விடுத்ததெனின் 'மானியம் பெறாத' என்க. இந்நான்கினுள் எதுவெனத் தெரியாதவிடத்து மட்டும் 'மானியமற்ற' என்பதை ஆளலாம். ஆனால் தெரியாதென்பதற்கு அறிகுறியாகவே அதனை ஆளுதல் வேண்டும். 'மானியமல்லாத' என்பது எவ்விடத்தும் கொள்ளத்தகாது.

திருக்கோணமலை இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்பு பூண்டிருந்த விபுலாநந்த அடிகள், 1936ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். புதிய அறிவைத் தமிழிற் கூறச் சொற்கள் வேண்டும் என்பது அத்தலைமுறையின் கவலை. அக்கவலை பெரிதும் தீர்ந்தது. சொற்கள் இன்று நம்மிடம் மிகுதியாக உள்ளன. நம் தலைமுறையின் கடன், உள்ள சொற்களை அவற்றுக்குரிய இடத்தில் ஆளுதலே. பொருளியல் வகுப்பில் விடைத்தாள் எழுதும் மாணவன் 'அற்ற' என்று எழுதுமுன் 'அறுத்தவர் யார்?' எனத் தன்னைத்தான் ஒருமுறை வினவுவானாயின், அவன் இலக்கணமும் கற்றவனாவான். குடிமைக் கடனும் கற்றவனாவான்.